சம்பலை விடாமல் நெஞ்செரிச்சலைக் குறைத்த விதம்

எங்கள் வீட்டில் ‘கேஸ்ட்ரிக்’ என்றால் அதற்குள் எல்லாம் அடங்கும். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், மேல்வயிறு உப்பிக்கொண்டு மூச்சுவிடச் சங்கடமாக இருப்பது, மறுநாள் காலையில் கழிவறையில் எரிவது, எல்லாமே கேஸ்ட்ரிக்தான். பழி மட்டும் எப்போதும் மிளகாய்மேல். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எந்தத் தாமானில் (குடியிருப்பில்) கேட்டாலும், மிச்சமிருக்கும் தோட்டத்து லயங்களில் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்: “காரத்தைக் கொறைங்க, சரியாப் போயிடும்.”

குறைத்துப் பார்த்தோம். சில வாரம் வீட்டில் எல்லாமே வெளுத்த கறி. பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். அம்மா ஊறுகாய் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். எனக்கோ இரவு பதினொரு மணி ஆனால் தொண்டைவரை அதே எரிச்சல். சரி, மிளகாய் மட்டும் காரணமில்லை என்று அன்றைக்கே புரிந்துவிட்டது. அப்புறம் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மோட்டார் பட்டறை வைத்திருப்பவன். ஒரு கார் ‘கடகட’வென்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தால், ஒரே நாளில் நாலு சாமானை மாற்றினால் எது கெட்டிருந்தது என்று கடைசிவரை தெரியாது. ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததற்குப் போக வேண்டும். வயிற்றையும் அப்படித்தான் பார்த்தேன். பட்டறையில் கிடந்த ஒரு பழைய நோட்டில் கோடு போட்டுக்கொண்டேன். என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, கூட என்ன குடித்தேன், எப்போது படுத்தேன், எப்போது எரிந்தது. காரம் எவ்வளவு என்பதற்கு ஒன்று முதல் ஐந்து வரை மார்க்.

நோட்டைப் புரட்டியபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மாமியார் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட மீன் தலைக்கறிக்கு நான் போட்ட மார்க் ஐந்து. கண்ணில் தண்ணீர் வரவைக்கும் காரம். அன்று எரிச்சல் இல்லை. பட்டறையைப் பூட்டிவிட்டு இரவு ஒன்பதரைக்கு வந்து, மீந்திருந்த ஆட்டுக்கறியை எண்ணெயோடு தோசைக்கு ஊற்றிக்கொண்டு, டிவி முன்னால் சாய்ந்த நாட்களில் காரம் இரண்டுதான். ஆனால் எரிச்சல் கட்டாயம் இருக்கும். காலையில் கோப்பி ஓ (பால் விடாத கோப்பி) மட்டும் குடித்துவிட்டு, பதினொரு மணிக்கு வெறும் வயிற்றில் சம்பல் சோத்தோங் (மிளகாய் விழுதில் வதக்கிய கணவாய்) சாப்பிட்ட நாட்கள் வேறு வகை. அன்று நெஞ்சு எரியாது, மேல்வயிறு பிசையும்.

இதற்குப் பின்னால் இருக்கும் சங்கதி எளிதானது. உணவுக்குழாய் வயிற்றோடு சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. சாப்பாடு இறங்கும்போது திறந்து, பிறகு மூடிக்கொள்ள வேண்டிய வால்வு அது. வயிறு நிறைந்திருந்தாலும், உடனே படுத்தாலும் அமிலம் அந்த வால்வைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். கொழுப்பு அதிகமானால் வயிறு காலியாக நேரமாகும், தள்ளுமுள்ளும் அவ்வளவு நேரம் நீளும். கோப்பி, சாக்லேட், புதினா, சிகரெட் எல்லாம் அந்த வால்வைத் தளர்த்தக்கூடியவை. சாப்பிட்டபின் புதினா மிட்டாய் போட்டுக்கொண்டால் வயிறு லேசாகும் என்று நினைப்பவர்கள் உண்டு. நெஞ்செரிச்சல்காரர்களுக்கு அது சரிப்படாது. மிளகாய் இந்தக் கதையில் கடைசியாக வரும் ஆள். ஏற்கெனவே அமிலம் பட்டுப் புண்பட்ட இடத்தில் அதன் காரமும் பட்டால், எரிச்சல் இரண்டு மடங்காகத் தெரியும்.

ஆக, மாற்ற வேண்டியவை எண்ணெய், நேரம், படுக்கை. காரம் அவற்றுக்குப் பிறகுதான்.

சம்பலில் கை வைத்தது

முதலில் சம்பல், அதாவது எண்ணெயில் வதக்கிய நம் மிளகாய் விழுது. வீட்டில் வாரத்துக்கு ஒருமுறை நான்தான் செய்வேன். மனைவி தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, அதனால் ஒரு டப்பா சம்பல் பிரிட்ஜில் இருந்தால் வாரம் முழுக்க ஓடும்.

பழைய முறையில் 100 கிராம் காய்ந்த மிளகாயை அப்படியே ஊறவைத்து அரைப்பேன். இப்போது காஷ்மீரி மிளகாய் 40 கிராம், சாதாரண மிளகாய் 20 கிராம், அதோடு ஒரு பெரிய சிவப்பு குடைமிளகாய். குடைமிளகாயில் காரம் கிடையாது. காரத்தை அளக்க 1912-இல் வில்பர் ஸ்கோவில் கண்டுபிடித்த அளவுகோலில் அதற்குப் பூஜ்யம். நம்மூர்ச் சின்ன மிளகாயான சிலிப்பாடிக்கு 50,000 முதல் 100,000 வரை. காஷ்மீரி நிறத்தைக் கொடுக்கும், குடைமிளகாய் கெட்டித்தன்மையைக் கொடுக்கும், சாதாரண மிளகாய் இருபது கிராம் ‘இது சம்பல்தான்’ என்று நாக்குக்கு ஞாபகப்படுத்தும்.

மிளகாயைக் கத்தரிக்கோலால் ஓர் அங்குலத் துண்டாக நறுக்கி, ஓட்டைத் தட்டில் போட்டுக் குலுக்கினால் விதை பாதி கொட்டிவிடும். விதையில்தான் காரம் என்று பலர் சொல்வார்கள். உண்மையில் காரம் முக்கால்வாசி உள்ளே விதை ஒட்டியிருக்கும் வெளுத்த சவ்வில் இருக்கிறது. விதைக்குக் காரம் அதைத் தொட்டுக்கொண்டிருப்பதால் வருவது. அதனால் சுடுதண்ணீரில் அரைமணி நேரம் ஊறியதும், துண்டுகளை விரித்துப் போட்டு ஸ்பூன் முனையால் அந்தச் சவ்வை வழித்தேன். இருபது கிராமுக்கு இது பெரிய வேலையில்லை. முழு நூறு கிராமுக்கு என்றால் யாரும் செய்யமாட்டார்கள், நானும்தான். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டினால் காரம் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். மிளகாயின் காரப்பொருளான கேப்சாய்சின் தண்ணீரில் கரையாது. தண்ணீரைக் கொட்டுவது கசப்புக்காக மட்டும்.

கேப்சாய்சின் எதில் கரையும் என்றால் எண்ணெயில். சம்பலில் நான் செய்த பெரிய மாற்றத்துக்கு இதுதான் காரணம்.

சம்பலுக்கு எண்ணெயைக் குறைத்து வதக்கக் கூடாது. வதங்காத மிளகாய் பச்சை வாடை அடிக்கும், அடியும் பிடிக்கும். ‘பெச்சா மிஞாக்’ என்று சொல்லும் அந்தப் பதம், விழுதிலிருந்து எண்ணெய் பிரிந்து ஓரமாக நிற்கும் பதம், வந்தாக வேண்டும். அதனால் எண்ணெயைத் தாராளமாகவே ஊற்றினேன். மிளகாய் விழுது, சின்ன வெங்காயம், பூண்டு, கொஞ்சம் பிளாச்சான் (இறால் விழுது), எல்லாம் சின்னத் தீயில் வதங்கி, நிறம் இருண்டு, மேலே சிவப்பாக எண்ணெய் மிதக்கும்வரை விட்டேன். புளியைப் பாதியாக்கினேன், அந்தப் பாதிக்குப் பெரிய வெங்காயத்தைக் கூட்டினேன். நன்றாக வதங்கிய வெங்காயத்தின் இனிப்பில் புளி குறைந்தது தெரியாது.

ஆறியதும் டப்பாவில் கொட்டி, ராத்திரி முழுக்க பிரிட்ஜில் வைத்தேன். நாம் சமைப்பது பெரும்பாலும் செம்பனை எண்ணெய்தானே, குளிரில் அது உறையும். காலையில் மூடியைத் திறந்தால் மேலே ஆரஞ்சு நிறத்தில் ஓர் ஏடு. ஸ்பூனை ஓரமாகச் செருகித் தூக்கினால் கொழகொழவென்று பாளமாக வரும். விரல் நுனியில் தொட்டு நக்கிப் பார்த்தேன், காது வரை சூடு ஏறியது. காரத்தில் ஒரு நல்ல பங்கு இந்த ஏட்டில்தான் இருக்கிறது, கொழுப்பும் இதில்தான். எடுத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகக் குறைகின்றன. கீழே இருக்கும் சம்பலின் மணமும் நிறமும் அப்படியே நிற்கின்றன.

எடுத்த எண்ணெயை நான் கொட்டுவதில்லை. சின்ன பாட்டிலில் இருக்கிறது. மீ கோரேங் போடும்போது பிள்ளைகள் கேட்டால் அரை ஸ்பூன்.

அம்மா முதல்நாள் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, “ஏன் தம்பி, எண்ணெய எடுத்துட்டா இத எத்தன நாளைக்கி வெச்சிக்கிறது?” என்றார். நியாயமான கேள்வி. மேலே நிற்கும் எண்ணெய் காற்றுப் படாமல் காக்கும். அது இல்லாமல் வெளியே வைத்தால் கெட்டுவிடும். அதனால் இந்தச் சம்பல் பிரிட்ஜை விட்டு வெளியே நிற்காது; வாரத்துக்குள் தீர்கிற அளவுதான் செய்வேன். கூடுதலாகச் செய்தால் சின்னப் பொட்டலமாக உறைபெட்டியில்.

சிலிப்பாடி நறுக்கிய கை எரிந்தால் சோப்புக்கு முன்னால் சமையல் எண்ணெயைத் தேய்த்துத் துடையுங்கள். காரணம் அதேதான். கண்ணைத் தொடாதீர்கள், அதற்கு எந்த வைத்தியமும் அவ்வளவு சீக்கிரம் கேட்காது.

நேரமும் கட்டிலும்

இரவுச் சாப்பாட்டை முன்னால் கொண்டுவருவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பட்டறை எட்டு மணிக்கு முன் மூடாது. அதனால் சாப்பாட்டையே புரட்டிப் போட்டேன். காரசாரமான கறி எல்லாம் மதியத்துக்கு. காலையில் மனைவி கட்டிக்கொடுக்கும் மங்குவில் (அடுக்குப் பாத்திரத்தில்) முதல் தட்டு சோறு, இரண்டாவது தட்டு கறி. இரவு ரசம், பருப்பு, அல்லது தயிர்ச்சோறு, கொஞ்சம் வறுத்த நெத்திலி. அப்படியும் ஒன்பது மணிக்குமேல் ஆகிவிட்டால், அளவு பாதி. சாப்பிட்டபின் இரண்டு மூன்று மணி நேரமாவது படுக்கக்கூடாது. பெரும்பாலான நாள் இது முடிகிறது, மறுநாள் விடியற்காலை வேலை இருக்கும் நாட்களில் முடிவதில்லை. அந்த நாட்களுக்காகத்தான் கட்டிலைத் தூக்கினேன்.

தலையணையை இரண்டு மூன்றாக அடுக்கினால் போதாதா என்று கேட்பார்கள். அது இடுப்பில் மடக்கும், வயிறு இன்னும் அமுங்கும். கட்டிலே சரிவாக இருக்க வேண்டும். தலைமாட்டை 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை உயர்த்தச் சொல்கிறார்கள்.

நண்பர் ஒருவரின் தளவாடப் பட்டறையில் ரப்பர் மரக் கட்டை மிச்சம் கிடந்தது. நாலுக்கு நாலு அங்குலம். மருந்தில் ஊறவைத்துக் காயவைத்த மரமா என்று கேட்டு வாங்கினேன். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், பதப்படுத்தாவிட்டால் வண்டு துளைத்து மாவாக்கிவிடும். உயரம் 18 சென்டிமீட்டர் வருகிற மாதிரி இரண்டு துண்டு அறுத்து, அடியில் அகலமான பலகை ஒன்றை ஆணியில்லாமல் திருகாணியால் முடுக்கினேன். மேலே கட்டில் கால் உட்காருகிற அளவுக்கு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் குழி. இந்தக் குழிதான் முக்கியம். வெறும் கட்டைமேல் காலை நிறுத்தினால், இரவில் புரளும்போது நழுவிக் கட்டில் விழும். குழியின் ஆழம் போக நிகர உயரம் 15. எனக்கு அது போதும்.

தோட்டத்தில் பால் வெட்டிய அம்மா கட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “நா வெட்டுன மரமாக்கூட இருக்கும்” என்றார். கணக்குப்படி இருக்கலாம்தான். பால் ஓய்ந்த மரத்தை இருபத்தைந்து முப்பது வருடத்தில் சாய்த்துவிடுவார்கள். யோசித்தால் மரமும் மிளகாயும் ஒரே பக்கத்திலிருந்து வந்தவை. ரப்பர் அமேசான் காட்டு மரம். 1877-இல் நட்ட ஒன்று பக்கத்தில் கோலாகங்சாரில் இன்னும் நிற்கிறது. மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர், போர்த்துகீசியக் கப்பல்களில் வந்து சேர்ந்தது. அதற்கு முன் நம் சமையலில் காரம் என்றால் மிளகுதான்.

முதல் ராத்திரி கால்மாட்டுப் பக்கம் மெத்தை மெல்லச் சறுக்கியது. மனைவி தூக்கக் கலக்கத்தில், “ஏங்க, கட்டில்லேர்ந்து எறங்கிக்கிட்டே இருக்கேன்” என்றாள். மறுநாள் பழைய லோரி டயர் ட்யூபைப் பட்டையாக வெட்டி மெத்தைக்கும் பலகைக்கும் நடுவில் விரித்தேன். அதற்குப் பிறகு நகரவில்லை. கால்மாட்டுக் கால்களின் அடியிலும் இரண்டு துண்டு வைத்தேன், மொசைக் தரையில் வழுக்காமலிருக்க.

இதோடு இடப்பக்கமாகப் படுக்கப் பழகினேன். அப்படிப் படுத்தால் வயிறு உணவுக்குழாயைவிடத் தாழ்வாக இருக்கும், அமிலம் மேலே ஏறுவது குறையும். நோட்டில் எரிச்சல் என்று எழுதிய வரிகள் மற்ற எதையும்விடக் கட்டிலைத் தூக்கியபிறகுதான் சட்டென்று குறைந்தன. சம்பல் மாற்றத்தால் ஏப்பமும் உப்பலும் குறைந்தன, ஆனால் இரவு எரிச்சலுக்குக் கட்டில்தான்.

எரிந்துவிட்டால்

வாய் எரிவது வேறு, நெஞ்சு எரிவது வேறு. இரண்டுக்கும் ஒரே மருந்து இல்லை.

வாய் எரிந்தால் தண்ணீர் குடித்துப் பயனில்லை, காரத்தை நாக்கு முழுக்கப் பரப்பும், அவ்வளவுதான். பால், தயிர், மோர் நல்லது. பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் கேப்சாய்சினைப் பிடித்து அகற்றும். ஒரு வாய் வெறும் சோறோ ஒரு சிட்டிகை சர்க்கரையோகூட உதவும். காரம் சாப்பிட்டவுடன் சூடாகப் பால் தேநீரான தே தாரிக் குடிப்பது நம் பழக்கம். அது எரிச்சலைக் கூட்டும், ஏனென்றால் மிளகாய் தூண்டும் நரம்பு உணர்வியும் சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணரும் உணர்வியும் ஒன்றே. அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு 1997-இல் அதைக் கண்டுபிடித்தது, 2021-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அதே உணர்வி குடலின் கடைசிவரை இருக்கிறது. மறுநாள் காலை எரிவதும் அதனால்தான்.

எங்கள் வீட்டில் காரச் சாப்பாட்டு நாளில் மேசைமேல் மோர் ஜாடி இருக்கும். ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர், உப்பு, நசுக்கிய சீரகம், கறிவேப்பிலை. பச்சை மிளகாய் போடாமல். பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கும் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும், புளிக்கும்போது பால்சர்க்கரை கொஞ்சம் குறைந்துவிடுவதால்.

நெஞ்செரிச்சலுக்குப் படுக்கப் போகும்போது ஒரு கிளாஸ் பால் குடிப்பவர்கள் உண்டு. முதலில் இதமாக இருக்கும். பிறகு பாலின் புரதமும் கால்சியமும் வயிற்றை இன்னும் அமிலம் சுரக்க வைக்கும். இஞ்சித் தண்ணீர் எனக்கு உப்பலுக்கு உதவியது, எரிச்சல் நாளில் உதவவில்லை. அந்த நேரத்தில் நான் செய்வது: எழுந்து உட்காருவேன், இடுப்பில் கைலியைத் தளர்த்துவேன், வாசலில் கொஞ்சம் நடப்பேன்.

மருந்து, கிளினிக்

ஈனோ போன்ற நுரைக்கும் உப்பு உடனே கேட்கும், ஆனால் அதில் சோடியம் அதிகம். ரத்த அழுத்தம் உள்ள அம்மாவுக்கு நான் கொடுப்பதில்லை. கிளினிக்கில் தரும் வெள்ளை மருந்தில் மக்னீசியம் இருந்தால் வயிறு இளகும், அலுமினியம் இருந்தால் மலம் இறுகும். வேறு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதற்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். அல்ஜினேட் உள்ள மருந்து வயிற்றில் மேலே மிதந்து மூடி போல நிற்கும், அதைச் சாப்பாட்டுக்குப் பின்னும் படுக்கும் முன்னும் குடிக்க வேண்டும். அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மாத்திரை சாப்பாட்டுக்கு அரைமணி நேரத்துக்கு முன். எரியும்போது அதை விழுங்கினால் பயனில்லை.

அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் போனபோது, டாக்டர் என் நோட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “ஜாங்கான் தெரூஸ் பாரிங் லெபாஸ் மாக்கான்”, சாப்பிட்டவுடனே படுக்காதே என்று அதையேதான் சொன்னார். அம்மாவின் கதை வேறு. முட்டிவலிக்காக நெடுநாளாகச் சாப்பிட்ட வலி மாத்திரைதான் அவர் வயிற்றைக் கெடுத்துக்கொண்டிருந்தது; டாக்டர் அதை நிறுத்திப் பாரசிட்டமோல் கொடுத்தார். மேல்வயிற்று வலி அம்மாவுக்கு அதோடு குறைந்தது. ஊறுகாய் இன்னும் ஓடுகிறது.

குடல்புண் மிளகாயால் வருவதில்லை. பெரும்பாலும் வருவது இரண்டால்தான், ஒன்று இந்த மாதிரி வலி மாத்திரைகள், இன்னொன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் அதை நிரூபித்ததற்கு 2005-இல் நோபல் வாங்கினார்கள். மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் அந்தக் கிருமி அதிகம் காணப்படுகிறது. அதனால் வலி விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தால் பரிசோதனை கேளுங்கள். மூச்சை ஊதிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அதற்கு இரண்டு வாரம் முன்பே ஒமிப்ரசோலை நிறுத்த வேண்டும், எப்போது நிறுத்துவது என்று டாக்டரையே கேட்டுக்கொள்ளுங்கள். கிருமி இருந்தால் ஆண்டிபயாட்டிக்கோடு சேர்த்துச் சுமார் இரண்டு வாரம் மருந்து.

மலம் தார்போலக் கறுத்தாலும், வாந்தியில் ரத்தமோ கோப்பித் தூள் நிறமோ தெரிந்தாலும், விழுங்கச் சிரமமாக இருந்தாலும், காரணமில்லாமல் எடை இறங்கினாலும், சம்பலை ஆராய்ந்துகொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நெஞ்சு அழுத்தி வலித்து, தாடைக்கோ இடக்கைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் அது கேஸ்ட்ரிக் இல்லாமலும் இருக்கலாம். நாற்பது தாண்டியவர்களும் இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களும் ஈனோ கலக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. நாமே கார் ஓட்டிக்கொண்டு ஈப்போவுக்குப் புறப்படவும் கூடாது, 999-க்கு அழைக்க வேண்டும்.